சுவரடிப் பலகைக்கு வைர மரம்

புரட்டாசியில் நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரம் விழாக்கோலம் பூணுகிறது. தேவாரக்கட்டு சரசுவதி தேவியும், வேளிமலை முருகப் பெருமானும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளும் காட்சியைக் காணக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் அடியார்கள் திரள்கின்றனர். வணங்கி முடித்தவர்கள் அரண்மனையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். பூமுகத்தின் விதானத்தில் செதுக்கப்பட்டுள்ள 90 வகைப் பூக்களை அண்ணாந்து நோக்கி வியவாதவர் இல்லை. தாய்க் கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில், ஒரே பலாமரத்தில் செதுக்கி எடுத்த தூணின் முன் நின்று மலைக்காதவரும் இல்லை.

திருவிதாங்கூரின் தலைநகர் 1795-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை இன்றும் பேணி வருகிறது. இத்தனை மாற்றங்களுக்கிடையே, ஆண்டுதோறும் தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவமழைகளையும் தாங்கி அம்மரவேலை நிலைத்து நிற்கிறது. அந்த நிலைபேற்றின் காரணத்தை அறிய விரும்புவோர் விதானத்தை விட்டுத் தூணின் காலடியை நோக்க வேண்டும். அக்கால ஆசாரிமார் மரத்தூணை மண்ணில் ஊன்றுவதில்லை. கல்லால் பீடம் அமைத்து, அதன்மேல் நிறுத்துவர். மரத்தின் கால் ஈரத்தில் நிற்கலாகாது என்பது அவர்கள் கைக்கொண்ட முதல் விதி. முற்றிய மரத்தையே எடுப்பது இரண்டாவது விதி. நன்கு உலர்ந்தபின் உளி வைப்பது மூன்றாவது விதி. புது வீட்டில் மரப்பலகை பதிக்க எண்ணும் குடும்பத்திற்கு இம்மூன்றும் இன்றும் போதுமான வழிகாட்டி.

புது வீட்டில் ஒரு புது விருப்பம்

சுவரும் தரையும் சேரும் இடத்தில், தரையை ஒட்டிச் சுவரில் ஓடும் பட்டையைக் கொத்தனாரும் ஆசாரியும் ‘ஸ்கர்ட்டிங்’ என்றே வழங்குவர். துடைப்பமும், நாற்காலிக் காலும், நடப்பவர் பாதமும் பட்டுச் சுவரின் பூச்சு உதிராமல் காப்பது அதன் தொழில். பெரும்பாலான வீடுகளில் தரைக்குப் பதித்த டைல்ஸையோ கல்லையோ நான்கு அங்குல உயரத்திற்குச் சுவரிலும் ஏற்றிவிடுவர். அண்மைக் காலமாக இதனை மரத்தில் அமைக்கும் விருப்பம் பெருகியுள்ளது. வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ மகளோ தாம் குடியிருக்கும் வீட்டின் சுவரடிப் பலகையைப் படமெடுத்து அனுப்ப, ஊரிலிருக்கும் பெற்றோர் அப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரக்கடை ஏறி இறங்குகின்றனர். பிள்ளைகள் அயலூரில் உழைத்துச் சேர்த்த பணம் அது. தவறான மரத்தில் அது கரைந்துபோனால் மனம் வருந்துவோர் பெற்றோரே.

ஒரு வேறுபாட்டை முதலில் உணர வேண்டும். குளிர் நாடுகளில் தரையை நீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் குறைவு. நம் இல்லங்களிலோ வெள்ளிதோறும் வீடு கழுவுதல் உண்டு. விசேட நாளென்றால் வாளி வாளியாக நீர் ஊற்றித் தள்ளுவதும் உண்டு. பூஜை அறையில் மாக்கோலமும், விளக்கெண்ணெய்ச் சிதறலும், அபிடேக நீரும் இருக்கும். அவ்வளவும் வந்து தேங்கும் இடம் சுவரடியே. ஆகவே நீர் புழங்கும் சமையலறை, குளியலறை வாயில், முற்றத்தை ஒட்டிய திண்ணை ஆகிய இடங்களில் மரத்தை விட்டுக் கல்லையே நாடுவது நலம். கூடம், படுக்கையறை, படிக்கும் அறை ஆகியவற்றுக்கு மரம் பொருந்தும். அங்கும் தரையை ஒட்டி ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ உயரத்திற்குக் கருங்கல் பட்டை வைத்து, அதன்மேல் மரப்பலகையை அமைத்தால், தூணின் அடியில் கல் பீடம் வைத்த பழைய முறையே புதிய வீட்டிலும் தொடரும்.

பெயரைக் கேட்டு மயங்கலாகாது

கடைகளில் ‘ஹார்ட்வுட்’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. கடின மரம் என்று அதற்குப் பொருள் கொண்டு, கரையான் அரிக்காது, நீரில் கெடாது என்று பலர் நம்புகின்றனர். தாவர நூலார் அச்சொல்லால் குறிப்பது அகன்ற இலையுடைய மரங்களின் வகுப்பை மட்டுமே. ஊசியிலை மரங்கள் மற்றொரு வகுப்பு. அந்தக் கணக்கில் பஞ்சு தரும் இலவமும் ஹார்ட்வுட்தான். குமரி மாவட்டத்தின் மலையடிவாரங்களில் வரிசை வரிசையாக நிற்கும் ரப்பர் மரமும் அவ்வகுப்பைச் சேர்ந்ததே. பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி, மருந்தேற்றி, சிறு துண்டுகளை விரல்களைக் கோத்ததுபோல் இணைத்துப் பலகையாக்கி விற்கின்றனர். வெளிர் நிறத்தில் கண்ணுக்கு அழகாகவே இருக்கும். முறையாக மருந்தேற்றியது என்றால் உலர்ந்த அறைக்கு அது பயன்படும். மருந்தேறாதது என்றால் வண்டு துளைத்து மாவாக உதிரும். நீர் படும் சுவரடிக்கு அது ஏற்றதன்று. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகைகள் இன்னும் மென்மையானவை. விளிம்பில் ஈரம் ஏறினால் ஊதிப் பருத்துவிடும், மீண்டும் பழைய நிலைக்கு வாரா.

மரத்தின் வலிமை எங்கே இருக்கிறது என்பதைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே பகுத்துக் கண்டிருக்கிறது. உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும், வெளியே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியம் மரபியலில் வகுக்கிறது. பனையும் தென்னையும் மூங்கிலும் இப்பகுப்பில் புல்லினம். பனையின் வெளிப்புறம் இரும்பாக இருக்கும், உட்புறம் நாராக இருக்கும். அதனால்தான் பனை நல்ல கைமரமாயிற்று, அகன்ற பலகையாகவில்லை. தேக்கும் பலாவும் நடுவில் வைரம் பாய்ந்தவை. அந்த நடுப்பகுதியைக் குமரி ஆசாரிமார் ‘காதல்’ என்றும், சுற்றியுள்ள வெளிர்ந்த பகுதியை ‘வெள்ளை’ என்றும் சொல்வர்.

தேக்கே ஆயினும் அதன் வெள்ளைப் பகுதியைக் கரையான் அரிக்கும். இயற்கையான எண்ணெய்ப் பசையும், பூச்சிகளுக்கு ஒவ்வாத பொருள்களும் சேர்ந்திருப்பது வைரப் பகுதியில் மட்டுமே. இளமையில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை மிகுதி, வைரம் குறைவு. “தேக்குதான் அண்ணாச்சி, நம்பி வாங்குங்க” என்று கடைக்காரர் சொல்வதோடு மனநிறைவு அடைந்துவிடலாகாது. பலகையின் இரு முனைகளையும், இரு விளிம்புகளையும் திருப்பிப் பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சளாக ஒரு பட்டை ஓடினால் அது வெள்ளை. ஒரு பலகையில் அப்பட்டை பாதிக்குப் பாதி இருக்குமானால், பாதித் தேக்குக்கே விலை கொடுக்கிறோம் என்று அறிய வேண்டும். சாயமும் வார்னிஷும் பூசிய பலகையில் இதைக் காண இயலாது. ஆதலால் பூச்சு இல்லாத பலகையை வாங்கி, பூச்சை வீட்டில் செய்து கொள்வதே பாதுகாப்பு.

நாஞ்சில் நாட்டு மரங்கள்

தேக்குக்கு உள்ள பெயர் அனைவரும் அறிந்தது. கேரளத்தின் நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் இடப்பட்டது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்தும் தேக்கு வருகிறது. நாடு எதுவாயினும் சோதனை ஒன்றே: வைரம் எவ்வளவு, உலர்வு எவ்வளவு.

சுவரடிப் பலகைக்குத் தேக்குதான் வேண்டும் என்பது கட்டாயமில்லை. வீட்டுக்கு வீடு நிற்கும் பலா இதற்கு மிகப் பொருத்தமானது. அறுத்தவுடன் மஞ்சளாக இருக்கும், ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்மை கலந்த பழுப்பாக முதிரும். கரையானை எளிதில் அண்டவிடாது. சரசுவதியின் கையில் விளங்கும் வீணைக்கும், கோயில் கச்சேரிகளில் முழங்கும் மிருதங்கத்திற்கும் ஆசாரிமார் தேர்ந்தெடுப்பது பலாவையே. அதன் இனத்தைச் சேர்ந்த அயினி உயர்ந்து நேராக வளர்வது. நீரைத் தாங்கும் இயல்பு கருதிப் படகுக்கும் வள்ளத்திற்கும் அதனைப் பயன்படுத்தினர். நீண்ட பலகை வேண்டுமென்போர்க்கு அயினி நல்ல தேர்வு. பூவரசின் வைரம் கருமை கலந்த செந்நிறமுடையது. மரம் பெரிதும் கோணலாக வளர்வதால் நீளப் பலகை கிடைப்பது அரிது. சிறிய பூஜை அறைக்கு அது போதும்.

வேங்கைக்கு ஒரு தனிக் குறிப்பு உண்டு. வள்ளியம்மையின் பொருட்டு முருகப் பெருமான் வேங்கை மரமாக நின்றார் என்பது அடியார்கள் போற்றும் வரலாறு. வள்ளி திருமணம் சிறப்பாக நடைபெறும் வேளிமலை இம்மாவட்டத்திலேயே உள்ளது. அம்மரத்தின் உறுதியில் குறையில்லை. ஆனால் ஈரம் பட்டால் வேங்கையின் சாறு கசியும். வேங்கைக் குவளையில் ஊற்றிய நீர் நிறம் மாறுவதை நீரிழிவுக்கு அதனை அருந்துவோர் அறிவர். அதே சாறு வெள்ளைச் சுவரிலும் தரையிலும் கறையாகப் படியும். எனவே வேங்கையைக் கதவு நிலைக்கு வைத்துக்கொண்டு, சுவரடிக்கு வேறு மரம் நாடுவது நலம். தோதகத்தி எனப்படும் ஈட்டி மரத்தை விரும்புவோர், அதன் வெட்டுதலும் விற்பனையும் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். முறையான ரசீது இல்லாத ஈட்டியை வாங்கலாகாது. சொந்தத் தோட்டத்துத் தேக்கை வெட்டுவோரும் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டறிந்து, உரிய அனுமதிச் சீட்டுடன் அறுவை ஆலைக்குக் கொண்டுசெல்வதே முறை.

மரம் தேர்தலும் மனைநூலும்

தெய்வத் திருமேனிக்கு மரம் தேடி வனம் புகும் முறையை வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் தனி அத்தியாயமாகவே கூறியுள்ளார். சுடுகாட்டில் நிற்பது, கோயிலுக்கு உரியது, புற்று எழுந்தது, இடி விழுந்தது, பறவைகள் கூடு கட்டியது ஆகிய மரங்களை அவர் விலக்குகிறார். வெட்டுமுன் மரத்தைப் பூசித்து, அதில் உறையும் உயிர்களை வேறிடம் செல்லுமாறு வேண்டுவதும் அம்முறையின் ஒரு பகுதி. கேரள மரபில் மனுஷ்யாலய சந்திரிகை வீடு கட்டுவோர்க்கு விதிகளை வகுத்துத் தந்துள்ளது.

இவற்றில் பக்தியும் தச்சறிவும் ஒன்றாகக் கலந்திருப்பதைக் காணலாம். புற்று எழுந்த மரத்தில் கரையான் முன்பே குடியேறியிருக்கும். இடி விழுந்த மரத்தின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாமல் பிளந்திருக்கும். கூடு கட்டிய மரத்தை விடுவதில் உயிர்க்கருணை உள்ளது. வீட்டு வாயிலில் அம்மனாக வழிபடும் வேம்பையோ, கோயிலின் தல விருட்சத்தையோ பலகைக்காகத் தொடலாகாது என்பதை நம் முதியோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுசீந்திரத்துக் கொன்றையைத் தாணுமாலயனின் திருவடிவாகவே கண்டு வலம் வருபவர்கள் அவர்கள்.

உலர்த்தும் பொறுமை

வெட்டிய மரத்தைக் குளத்து நீரில் பல மாதங்கள் அமிழ்த்தி வைப்பது நாஞ்சில் நாட்டிலும் மலையாள நாட்டிலும் இருந்த வழக்கம். மரத்திலுள்ள மாவுச்சத்து நீரில் கரைந்துவிடுவதால் வண்டுக்கு இரை இல்லாமற் போகும். பின்னர் எடுத்து, பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காயவிடுவர். வெயிலில் போட்டால் மேற்புறம் விரைந்து உலர்ந்து உட்புறம் ஈரமாக நிற்கும். அப்பலகை வளையும், வெடிக்கும்.

இந்தப் பொறுமையைக் கோயில்கள் இன்றும் கைவிடவில்லை. சபரிமலையில் 2017 ஜூன் மாதம் பிரதிட்டை செய்யப்பட்ட புதிய கொடிமரத்திற்குக் கோன்னி வனப்பகுதியில் தேக்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. பட்டை நீக்கிய அம்மரத்தை மூலிகைத் தைலத்தில் பல மாதங்கள் ஊற வைத்த பின்னரே கொடிமரமாக நிறுத்தினர். இறைவன் திருமுன் நிற்கும் மரத்திற்குக் காட்டும் பொறுமையில் ஒரு சிறு பங்கையேனும் வீட்டுப் பலகைக்கும் காட்டலாம்.

கடையில் வாங்கும் பலகை உலர்ந்ததா என்பதை அறிய எளிய வழிகள் உள்ளன. ஒரே அளவுள்ள இரு பலகைகளைத் தூக்கிப் பார்த்தால் ஈரமானது கனக்கும். விரல் முட்டியால் தட்டினால் உலர்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். நல்ல கடைகளில் ஈரம் அளக்கும் சிறு கருவியும் இருக்கும். அதில் 12 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளறைக்கு ஏற்ற பலகை எனக் கொள்ளலாம். 20-க்கு மேல் காட்டினால் அப்பலகை இன்னும் காய வேண்டும். வாங்கிய பலகையை உடனே பதிக்காமல், பதிக்கப்போகும் அறையிலேயே இரண்டு வாரம் அடுக்கி வைத்தால், அவ்வறையின் காற்றுக்கு அது பழகிவிடும். மழைக்காலத்து ஈரத்தோடு பதித்த பலகை பங்குனி வெயிலில் சுருங்கி மூட்டு விலகும்.

வாங்கும் கணக்கு

மரக்கடையில் விலை கன அடிக் கணக்கில் பேசப்படும். கணக்குத் தெரிந்து சென்றால் ஏமாற்றம் இல்லை. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறையின் சுற்றளவு 44 அடி. மூன்றரை அடி வாசலைக் கழித்தால் 40.5 அடி. மூலை வெட்டுக்கும் சேதாரத்திற்குமாகப் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் ஏறத்தாழ 45 அடி ஆகும். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும்.

4 அங்குல உயரமும் முக்கால் அங்குலக் கனமும் கொண்ட பலகைக்கு இக்கணக்கின்படி 0.94 கன அடி வருகிறது. ஆனால் இழைத்தபின் அந்த அளவு நிற்க வேண்டுமென்றால், 1 அங்குலக் கனமும் நாலரை அங்குல அகலமும் உள்ள பலகையாக அறுக்க வேண்டும். அதற்கு 1.4 கன அடி தேவை. இடைப்பட்டது வாளின் தூளாகவும் இழைப்புளியின் சுருளாகவும் போய்விடும். விலை பேசும்போது எந்த அளவுக்குப் பேசுகிறோம், அறுத்த அளவுக்கா இழைத்த அளவுக்கா என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவது நலம். நான்கு அறைகள் என்றால் வேறுபாடு ஏறத்தாழ 2 கன அடி ஆகிவிடும்.

சொந்த மரத்தை வெட்டுவோர்க்கு வேறு கணக்கு. உருட்டு மரத்தின் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது வழக்கமான முறை. 4 அடிச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள மரம் இம்முறையில் 10 கன அடி. உருளையின் உண்மைக் கன அளவு ஏறத்தாழ 12.7 கன அடி. பட்டையும் புறவெட்டும் கழியும் என்பதற்காக வைத்த கழிவு இது. மரத்தை விற்பவரும் வாங்குபவரும் எந்த முறை என்பதை ஒப்புக்கொண்டு பேசினால் மனத்தாங்கல் எழாது.

இல்லத்திலேயே இருக்கும் மரம்

கடைக்குச் செல்லுமுன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நாஞ்சில் என்றால் கலப்பை. நெல் விளைந்த இந்நாட்டில் பத்தாயம் இல்லாத வேளாண் வீடு அரிது. ஆடி மாதம் கோயிலில் நிறைபுத்தரிசி நாளன்று பெற்ற நெற்கதிரைக் கொண்டுவந்து, இல்லம் நிறைய வேண்டும் என்று வணங்கிய தலைமுறை இன்றும் இருக்கிறது. பத்தாயத்துப் பலகைகளும், மச்சுப் பலகைகளும், பழைய கதவுகளும் பெரும்பாலும் முற்றிய பலாவிலோ அயினியிலோ தேக்கிலோ அமைந்தவை. பல பத்தாண்டுகள் வீட்டுக்குள்ளேயே இருந்து உலர்ந்தவை. இன்று பணம் கொடுத்தாலும் அத்தகைய வைரம் எளிதில் கிட்டாது.

பழைய வீட்டை இடிக்க ஒப்பந்தம் பேசும்போது, மரத்தையும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுவது பல குடும்பங்களில் நிகழ்கிறது. பாட்டனார் கட்டிய பத்தாயம் சிறு தொகைக்கு வண்டியேறிப் போகிறது. அதே வாரத்தில் புது வீட்டுக்கு இளமரப் பலகை பெருந்தொகைக்கு வந்து இறங்குகிறது. இது தவிர்க்கத்தக்க இழப்பு. ஒப்பந்தத்திற்கு முன்பே மரத்தைத் தனியே பிரித்து வைத்துவிட வேண்டும். 6 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள ஒரு பலகையிலிருந்து நாலரை அங்குலத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். அத்தகைய நான்கு பலகைகள் இருந்தால், முன்னே கணக்கிட்ட ஓர் அறை முழுவதற்கும் போதும்.

பழைய மரத்தை அறுக்குமுன் ஆணிகளை முழுவதும் பிடுங்க வேண்டும். காந்தத்தை மேலே ஓட்டினால் மறைந்திருக்கும் ஆணி தெரியும். தட்டிப் பார்த்து வெற்றோசை எழும் இடங்களையும், மெல்லிய தூள் உதிரும் துளைகள் உள்ள பகுதிகளையும் நீக்கிவிட வேண்டும்.

இடித்த வீட்டின் மரத்தைப் புது வீட்டில் சேர்க்கலாகாது என்னும் கருத்து மனைநூல் அறிந்தோரிடையே உண்டு. அதனைப் புறக்கணிக்க விரும்பாதவர்கள் தம் குடும்பத்து ஆசாரியாரையும் புரோகிதரையும் கேட்டு முடிவு செய்யலாம். வீட்டின் தலைவாசல் நிலை, உத்திரம் போன்ற முதன்மை உறுப்புகளைப் புதிய மரத்திலும், சுவரடிப் பலகை, அலமாரி போன்றவற்றை முன்னோர் மரத்திலும் அமைத்துக்கொள்வது நடுவழி. அப்படியும் மனம் ஒப்பாவிடில், பழைய மரத்தை அதன் தகுதிக்குரிய விலைக்குத் தனியே விற்று, அப்பணத்தில் புதிய வைர மரம் வாங்கலாம்.

பதிக்கும் முறை

பலகை சிறந்ததாயினும் பதிப்பதில் பிழை நேர்ந்தால் பயனில்லை. சுவரின் பூச்சு நன்கு காய்ந்திருக்க வேண்டும். புதிய சிமெண்டுப் பூச்சின் ஈரம் பலகையின் பின்புறத்தில் ஏறும். கண்ணுக்குப் படும் முன்புறத்தில் மூன்று பூச்சுப் பூசிவிட்டுப் பின்புறத்தை வெறுமனே விடுவது பரவலான தவறு. ஈரம் வருவது பின்புறத்திலிருந்தும் அடி விளிம்பிலிருந்துமே. அவ்விரண்டுக்கும் முதலில் பூச்சு வேண்டும். முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கைமரத்துக்கும் வள்ளத்துக்கும் பூசிய வழக்கம் இப்பகுதியில் உண்டு. கருநிறமுடையது ஆதலால் பின்புறத்துக்கு அது ஏற்றது. தோலில் பட்டால் புண்ணாக்கும், எனவே கையுறையின்றித் தொடலாகாது.

பலகையைத் தரையோடு ஒட்டிவிடாமல், ஒரு நூல் அளவு இடைவெளி விட்டுச் சுவரில் திருகாணியால் பிணைக்க வேண்டும். மரம் நீளவாட்டில் அதிகம் மாறாது. அகலவாட்டில் மழையில் விரியும், வெயிலில் சுருங்கும். அதற்கு இடம் விட்டால் வளையாது. மூலைகளில் இரு பலகைகளையும் சரிபாதிச் சாய்வில் வெட்டிச் சேர்ப்பது அழகு. பூஜை அறையில் குத்துவிளக்கும் கர்ப்பூரத் தட்டும் வைக்கும் பக்கத்தில் மட்டும் மரத்தை நிறுத்தி, கல் பட்டை வைப்பது பாதுகாப்பு. கரையானுக்கான மருந்தை வீட்டின் அடித்தளம் போடும்போதே மண்ணில் இடச் செய்ய வேண்டும். பலகைக்குப் பூசும் மருந்து அதற்கு ஈடாகாது.

பதித்தபின் வேண்டுவது சிறிதளவு கவனமே. வீடு கழுவும் நாளில் சுவரோரத்தை நீர் ஊற்றாமல் பிழிந்த துணியால் துடைத்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை சரசுவதி பூஜைக்கு வீட்டைத் தூய்மை செய்யும்போது, அறையின் நான்கு ஓரங்களிலும் பலகையைத் தட்டிப் பார்த்து, மண்கோடு ஏதும் ஏறியிருக்கிறதா என்று நோக்கி, மெல்லிய துணியில் ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். குனிந்து பார்க்க முதியோர்க்கு இயலாவிடில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். வைரம் எது, வெள்ளை எது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல நாள் வேறில்லை.